துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் துக்கத்தில் இருப்பவர்களுக்கும்: ஒரு கிறிஸ்தவ வழிகாட்டி

நம் சபைகளில் ஒரு சாவு என்றால் ஆள் குறைவதில்லை. செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் பந்தல் ஏறிவிடும், பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிவிடும், ஃப்ரீசர் பெட்டிக்கு யாரோ ஒருவர் போன் பண்ணியிருப்பார். பெண்கள் பாமாலைப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரி பக்கம் இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆனால் நாற்காலி ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பிய பிறகு அந்த வீட்டில் நடப்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. அடக்கம் முடிந்த பத்தாம் நாள், மூன்றாம் மாதம், முதல் கிறிஸ்துமஸ். துக்கம் அதன் முழுக் கனத்தோடு இறங்குவது அப்போதுதான்.

அதனால் இந்த வழிகாட்டியை நாள் கணக்கில் வரிசையாக எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: முதல் நாள் குறைவாகப் பேசுங்கள், மூன்றாம் மாதம் மறக்காமல் போங்கள்.

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம்: அழுவது அவிசுவாசம் இல்லை

"விசுவாசி அழலாமா? பரலோகத்துக்குத்தானே போயிருக்காங்க" என்று சொல்லி அழுகையை அடக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13. அதை நிதானமாக வாசித்துப் பாருங்கள். "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" இருக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதுகிறார். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோது, வானம் திறந்திருக்கிறதைக் காண்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தும், தேவபக்தியுள்ள மனிதர்கள் அவருக்காக "மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்று அப்போஸ்தலர் 8:2 சொல்கிறது. மோசேக்காக இஸ்ரவேலர் முப்பது நாள் அழுதார்கள். லாசருவை எழுப்பப் போவது தமக்கே தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். அடுத்த சில நிமிடங்களில் சந்தோஷம் வரப்போகிறது என்பது அந்தக் கண்ணீரைத் தடுக்கவில்லை.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அதில் 88ஆம் சங்கீதம் முடிவில் ஒரு நம்பிக்கை வார்த்தைகூட இல்லாமல், இருட்டிலேயே முடிகிறது. கடைசி வசனத்தில் அந்த மனிதன் சொல்லும் குறையே, நண்பர்களும் தெரிந்தவர்களும் தன்னை விட்டு விலகிப்போனார்கள் என்பதுதான். வேதாகமத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. அப்படியிருக்க, நம் வரவேற்பறையில் ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதற்கு இடம் இல்லாமல் போகக் கூடாது.

செய்தி வந்ததும்

முதல் வேலை வாட்ஸ்அப்பை மூடுவது. குடும்பத்தார் எல்லாருக்கும் சொல்லி முடிக்கும் முன்னே சபைக் குழுவில் போட்டோவும் "ஆழ்ந்த இரங்கல்" செய்தியும் ஓடிவிடுகின்றன. துபாயில் வேலை பார்க்கும் மகன் அப்பா இறந்ததை ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கொடுமை இன்று சாதாரணமாகிவிட்டது. வீட்டில் பொறுப்பாக நிற்பவரிடம் "இன்னும் யாருக்குச் சொல்லணும்? நான் யாருக்காவது போன் பண்ணட்டுமா?" என்று கேளுங்கள். குழுவில் போடுவது அதற்குப் பிறகு. பெட்டியில் கிடத்தியிருக்கும் உடலைப் படமெடுத்துப் பகிர்வதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ சொல்வது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பார்ப்பது, பெட்டிக்குச் சொல்வது, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க இடம் பார்ப்பது என்று வேலை நிறைய உண்டு. இவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டதைச் சொல்லிவிடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. அந்த நேரத்தில் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று யோசிக்கும் நிலையில் அவர்கள் இல்லை.

வீட்டுக்குள் போனதும்

எப்படி நடந்துகொள்வது என்பதற்கு யோவான் 11ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. லாசருவின் சகோதரி மார்த்தாள் வந்து, "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பிறகு மரியாளும் வந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். கேள்வி ஒன்றுதான், கிடைத்த பதில்கள் வேறு. மார்த்தாள் பேச விரும்புகிறவள். அவளோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாள் காலில் விழுந்து அழுகிறாள். அவளுக்கு அவர் விளக்கம் எதுவும் தரவில்லை, அவளோடு சேர்ந்து அழுகிறார். ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, இரண்டு சகோதரிகளுக்கும் ஒரே ஆறுதல் பொருந்தவில்லை. எனவே போன உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். எதிரில் இருப்பவர் மார்த்தாளா மரியாளா என்று கொஞ்ச நேரம் பாருங்கள்.

இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். "நீர் இருந்திருந்தால்" என்பது குற்றச்சாட்டுதான். அதை அவர் வாங்கிக்கொண்டார். ஆகவே துக்க வீட்டில் யாராவது "கடவுளுக்குக் கண்ணில்லையா?" என்று கதறினால், பயந்துபோய் அவர் வாயை மூட வேண்டியதில்லை. கடவுளுக்காக வக்காலத்து வாங்கவும் வேண்டாம்.

யோபுவின் நண்பர்கள் மூவரையும் நாம் குறைத்தே பேசுகிறோம். ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் செய்தது மிகச் சரியான காரியம். ஊர்விட்டு ஊர் வந்தார்கள், சத்தமிட்டு அழுதார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டுப்போனது அவர்கள் காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான். "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபுவே சொல்லும்படி ஆயிற்று. புத்தகத்தின் முடிவில் கர்த்தர் கோபப்படுவதும் புலம்பித் தீர்த்த யோபுவின் மேல் இல்லை, தமக்காக வாதாடிய இந்த நண்பர்கள் மேல்தான். துக்க வீட்டில் பேசப் போகிறவர்கள் எல்லாரும் யோபு 42:7ஐ ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது நல்லது.

எனவே போங்கள், பக்கத்தில் உட்காருங்கள். வழக்கமும் உறவும் அனுமதித்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அதுவே போதுமான வருகை.

சொல்லவே கூடாத சில வாக்கியங்கள்

"ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார்." வசனம் உண்மை. ஆனால் அதைச் சொன்னது யோபு, பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். துக்கப்படுகிறவர் தன் வாயால் சொல்லும்போது அது விசுவாச அறிக்கை. பார்க்க வந்தவர் சொன்னால் அது கட்டளையாகிவிடுகிறது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28க்கும் இதே கதிதான்.

"நல்ல பூவைத்தான் ஆண்டவர் முதல்ல பறிப்பார்." இதைக் கேட்கும் தாய்க்கு, தன் பிள்ளை கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பானோ என்றுதான் தோன்றும்.

"தாங்கக்கூடிய அளவுக்கு மேல கர்த்தர் சோதிக்க மாட்டார்." 1 கொரிந்தியர் 10:13 பாவ சோதனையைப் பற்றிப் பேசுகிறது; மரணத்தை எடைபோட்டுக் கொடுப்பதைப் பற்றி அல்ல.

"நீ அழுதா பிள்ளைங்க என்ன ஆகும்? தைரியமா இரு." "இன்னொரு பிள்ளை பெத்துக்கலாம்." "வயசு எண்பது ஆச்சே, நல்ல சாவுதானே." எண்பது வயதில் போனாலும் அவர் ஒருவருக்கு அம்மா.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது விசாரணை. "எப்பம்மா நெஞ்சு வலிச்சது? எந்த ஆஸ்பத்திரி? ஏன் அங்க கொண்டு போனீங்க? கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாமே?" ஒவ்வொருவர் வரும்போதும் அந்தக் கடைசி இரவை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. "முன்னாடியே போயிருக்கலாமே" என்ற வார்த்தை அந்த மனைவியோடு வருடக்கணக்கில் தங்கிவிடும். அவர்களாகவே சொல்ல வந்தால் எத்தனை முறையானாலும் கேளுங்கள். நீங்களாகத் தோண்டாதீர்கள்.

சரி, என்னதான் சொல்வது? "ரொம்ப கஷ்டமா இருக்கு அக்கா. என்ன சொல்றதுன்னே தெரியல. நான் இங்கதான் இருக்கேன்." இவ்வளவு போதும். இறந்தவரைத் தெரியும் என்றால் அவரைப் பற்றி ஒரு நினைவைச் சொல்லுங்கள். பேர் சொல்லிச் சொல்லுங்கள். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்தபோது விதவைகள் என்ன செய்தார்கள் பாருங்கள்: அழுதுகொண்டே, அவள் தங்களோடு இருக்கையில் தைத்துக் கொடுத்த உடுப்புகளைப் பேதுருவுக்கு எடுத்துக் காட்டினார்கள். "உங்க அண்ணன்தான் எனக்கு முதன்முதல்ல சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தாங்க" என்பது எந்த வசனத்துக்கும் குறையாத ஆறுதல்.

ஜெபிக்கச் சொன்னால் சுருக்கமாக ஜெபியுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்க வேண்டாம். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசிப்பது பல நேரம் நம் சொந்த வார்த்தைகளைவிட நல்லது. 23 எல்லாருக்கும் தெரியும். 34:18ம், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்ற 56:8ம் அந்த நேரத்துக்கு ஏற்றவை.

வேறு சபை வீட்டுக்குப் போகும்போது அவர்கள் முறைக்கு மதிப்புக் கொடுங்கள். கத்தோலிக்க வீட்டில் ஜெபமாலை சொல்வார்கள், இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டுவார்கள். சீர்திருத்த சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஜெபம் குடும்பத்துக்கானது. மெழுகுவர்த்தி, மாலை போன்றவற்றிலும் வித்தியாசம் உண்டு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இந்த உபதேச வித்தியாசங்களைப் பேசித் தீர்க்க வேண்டிய அவசியம் எந்தக் கிறிஸ்தவனுக்கும் இல்லை.

அடக்க நாள்

அன்று எல்லாவற்றையும்விடக் கடினமான நேரம் பெட்டியை மூடும் நேரம். ஆராதனை நேரம் ஆகிவிட்டது என்று அவசரப்படுத்தாதீர்கள். குடும்பத்துக்கு ஐந்து நிமிடம் தனியாக வேண்டும் என்றால், கூட்டத்தை வெளியே அழைத்துச் செல்வது மூப்பர்களின் வேலை. மனைவிக்கோ தாய்க்கோ பக்கத்தில் நம்பிக்கையான ஒரு பெண், நாள் முழுக்க, தண்ணீர் பாட்டிலோடு நிற்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் அன்று அதை மறந்துவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்வதும் ஊழியம்தான்.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடக்க ஆராதனையில் நற்செய்தி சொல்ல வேண்டும் என்ற பாரம் புரிகிறது. ஆனால் குழியின் விளிம்பில் நிற்கும் குடும்பத்தை உதாரணமாக வைத்து, வந்திருக்கும் கூட்டத்தைப் பயமுறுத்துவது நற்செய்தி ஆகாது. இறந்தவரின் பேரைச் சொல்லுங்கள், அவர் வாழ்க்கையைச் சொல்லுங்கள், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைச் சொல்லுங்கள். முன்பு பார்த்த 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தைப் பவுல் முடிப்பதும் "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான்.

நாற்காலிகள் போன பிறகு

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவனுக்குப் போதனை செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, சாப்பிடு என்றான். அவன் சாப்பிட்டுத் தூங்கினான். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் அவனோடு பேசியது நாற்பது நாள் கழித்துத்தான். முதல் வாரத்துக்கு இந்த வரிசையே சரி. காலையில் இட்லி, ஃபிளாஸ்க்கில் காபி, மதியம் குழம்பு, சாதம். பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டு நிற்காதீர்கள். முதல் இரண்டு நாள் பத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும், அதற்குப் பிறகு யாரும் இருக்க மாட்டார்கள். பெண்கள் ஐக்கியச் சங்கம் நாளுக்கு ஒரு வீடு என்று இரண்டு வாரத்துக்குப் பிரித்துக்கொண்டால் வீணாகாமலும் நிற்காமலும் நடக்கும்.

அடுத்தது காகித வேலை. இதைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. ஆனால் பல விதவைகள் உடைந்துபோவது அலுவலக வாசல்களில்தான். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தள்ளிப்போகப் போக அபராதம், அனுமதி, உத்தரவு என்று நீளும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பேரும் அப்பா பேரும் ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று மட்டும் உடனே பாருங்கள். வீட்டில் இறந்தால் நாமே போய்ச் சொல்ல வேண்டும். சான்றிதழில் பல பிரதிகள் எடுத்து வையுங்கள். அடுத்து இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழ், வங்கி, எல்ஐசி, அரசு வேலையில் இருந்தவர் என்றால் குடும்ப ஓய்வூதியம். இறந்தவரின் ஏடிஎம் கார்டைப் பிள்ளைகள் வைத்துக்கொண்டு பணம் எடுப்பது பின்னால் சிக்கலாகும். வங்கிக்குத் தெரிவித்து, நாமினி வழியாக வாங்குவதே முறை.

சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், தாலுகா அலுவலகத்தில் இருந்தவர் எப்படியும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் அந்த அம்மாவோடு கூடப் போய் வரிசையில் நின்றால், விதவைகளைப் பற்றி யாக்கோபு 1:27 சொல்கிற "விசாரிக்கிறது" அதுதான்.

விதவைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொட்டும் பூவும் சடங்கும் நமக்கில்லை என்று பெருமையாகச் சொல்லும் கிறிஸ்தவ வீடுகளில்கூட, கணவன் இறந்த அன்றே வளையலைக் கழற்றச் சொல்வதும், கலர் சேலை கட்டக் கூடாது என்பதும், மகள் கல்யாணத்தில் தாயை முன்னால் வரவிடாமல் பின்வரிசையில் உட்கார வைப்பதும் இன்றும் நடக்கின்றன. வேதாகமத்தில் இதற்கு ஒரு வரி ஆதாரமும் கிடையாது. எருசலேம் தேவாலயத்தில் குழந்தை இயேசுவை வரவேற்று எல்லாருக்கும் அறிவித்தவர்களில் ஒருத்தி அன்னாள். எண்பத்துநான்கு வயதான விதவை. சபையில் கல்யாணம் நடக்கும்போது விதவையான தாயைக் கைப்பிடித்து முன்வரிசைக்கு அழைத்து வருவது போதகரம்மாவின் வேலை என்றே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால்

அவர்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லாம் முடிந்த பிறகு கூட்டி வருவது நம் வழக்கம். அது நல்லதல்ல. விருப்பம் இருந்தால் பார்க்கட்டும், பூ வைக்கட்டும், கூட ஒரு பெரியவர் இருக்கட்டும். "அம்மா தூங்குறாங்க" என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளை இரவில் தூங்கப் பயப்படும். "இயேசப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டார்" என்றால், அடுத்து யாரைக் கூட்டிப் போவாரோ என்று இயேசுவைக் கண்டு பயப்படும். "அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு. டாக்டர்களால சரிபண்ண முடியல. அம்மா இறந்துட்டாங்க. அம்மா இப்ப ஆண்டவர்கிட்ட இருக்காங்க. உன்னைப் பாட்டியும் மாமாவும் பாத்துக்குவோம்." இந்த வரிசையில், இவ்வளவு நேராகச் சொல்லலாம். "நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல" என்பதையும் சேருங்கள். பிள்ளைகள் வெளியே சொல்லாமல் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வது உண்டு. மறுநாளே விளையாடப் போனால் அதட்டாதீர்கள். பிள்ளைகள் துக்கத்துக்குள் போய்ப் போய் வருவார்கள்.

பேசத் தயங்கும் மரணங்கள்

*ஜெபித்தும் குணமாகாதவர்.* உபவாசம் இருந்து, எண்ணெய் பூசி, "சுகமாயிற்று" என்று அறிக்கையிட்ட பிறகும் இறந்துபோனவரின் குடும்பத்துக்கு இரட்டைத் துக்கம். "விசுவாசம் குறைவா இருந்திருக்கும்" என்று யாராவது சொல்லிவிட்டால் அது மூன்றாவது. கெத்செமனேயில் இயேசுவே ஒரு பாத்திரம் நீங்கும்படி ஜெபித்தார், அது நீங்கவில்லை. பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவரை வாதித்த, "மாம்சத்திலே ஒரு முள்" என்று அவரே சொன்ன வேதனை எடுக்கப்படவில்லை. அவர்களுடைய விசுவாசத்தில் குறை இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். சுகமாகும் என்று உறுதி கொடுத்த ஊழியர், அடக்கம் முடிந்த பிறகு கண்டிப்பாக அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வராமல் இருந்துவிடுவதுதான் பெரிய காயம்.

*பிறக்கும் முன்போ பிறந்த உடனோ இறந்த குழந்தை.* இதற்கு நம்மிடம் கூட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. பல நேரம் தாய்க்குக் காட்டாமலே அடக்கம் செய்துவிடுகிறார்கள். பெற்றோர் விரும்பினால் குழந்தைக்கு ஒரு பெயர் வைத்து, போதகர் வந்து சிறு ஜெபம் செய்து அடக்கம் செய்யலாம். தகப்பனிடமும் "உனக்கு எப்படி இருக்கு தம்பி?" என்று கேளுங்கள். அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

*தற்கொலை.* காரணம் கேட்காதீர்கள், நரகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். நியாயத்தீர்ப்பு நம் கையில் இல்லை. 1992ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, தற்கொலை செய்துகொண்டவர்களின் நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது. அடக்கத்தைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், ஆராதனை இல்லாமல் நடத்தும் பழைய வழக்கம் இருக்கும் இடங்களில், சபையார் பேசி அதை மாற்ற வேண்டும். தண்டனை கிடைப்பது உயிரோடு இருக்கும் குடும்பத்துக்குத்தான். அந்த வீட்டில் இருப்பவர்களையும் கவனித்துக்கொண்டே இருங்கள், அவர்களுக்கும் ஆபத்து உண்டு.

*உடல் கிடைக்காத மரணம்.* 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. பெட்டியும் இல்லை, கல்லறையும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் நம்பிக்கையோடு காத்திருப்பவர்களும் இருப்பார்கள், "இனி வரமாட்டார்" என்று முடிவுக்கு வந்தவர்களும் இருப்பார்கள். யாரையும் எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள். சட்டப்படி ஒருவரை இறந்தவராகக் கொள்வதற்குப் பொதுவாக ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருக்க வேண்டும், மனதுக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. குடும்பம் தயாரானதும் நினைவுத் திருப்பலியோ ஆராதனையோ நடத்தலாம், கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்து ஒரு கல் நடலாம். போய் நின்று அழ ஓர் இடம் வேண்டும்.

துக்கத்தில் இருப்பவருக்கு

இதுவரை பார்க்கப் போகிறவர்களிடம் பேசினேன். இழந்தவர் நீங்களே என்றால், இது உங்களுக்கு.

ஜெபிக்க முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சொல்ல வார்த்தை இல்லாதபோது ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் சங்கீதம் சின்னது, "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று தொடங்குகிறது. கடவுள்மேல் கோபம் என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த நகோமி ஊர் திரும்பியபோது, சர்வவல்லவர் எனக்குக் கசப்பைக் கட்டளையிட்டார் என்று நடுத்தெருவில் நின்று சொன்னாள். அவளை யாரும் சபைநீக்கம் செய்யவில்லை.

ஆலயத்துக்குப் போவது ஆரம்பத்தில் கடினமாக இருக்கும். அவர் உட்கார்ந்த பெஞ்சு, அவர் பாடிய பாட்டு. கடைசி வரிசையில் உட்காரலாம், பாதியில் எழுந்து போகலாம். பாட்டு வரும்போது வாய் திறக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும், நீங்கள் கேளுங்கள். சபை என்பது அதற்கும்தான்.

துணிமணிகளை எப்போது எடுத்துக் கொடுப்பது என்று உறவினர்கள் அவசரப்படுத்துவார்கள். வீட்டை விற்றுவிட்டு மகனோடு வந்துவிடச் சொல்வார்கள். முடிந்தால் முதல் ஆண்டு முழுக்கப் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். சட்டையில் வாசனை இருக்கும்வரை அதை வைத்துக்கொள்வதில் தவறு இல்லை.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969ல் எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மருத்துவர் அதை முன்வைத்தது, தாங்களே சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளோடு பேசிய அனுபவத்திலிருந்து. இழந்தவர்கள் வரிசையாக ஏறிக் கடக்க வேண்டிய படிக்கட்டு என்று அதை எடுத்துக்கொண்டு, "நான் இன்னும் கோபத்திலேயே நிற்கிறேனே" என்று உங்களை நீங்களே அளக்க வேண்டாம். துக்கம் கடல்போல ஏறி இறங்கும். எட்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு, மீன்கடையில் அவருக்குப் பிடித்த நெத்திலியைப் பார்த்ததும் அழுகை வரும். அது பின்வாங்கிப்போவது ஆகாது.

ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் வேறுவேறு விதமாகத் துக்கப்படுவார்கள். ஒருவர் பேசியே ஆற்றுவார், ஒருவர் வேலையில் மூழ்குவார். "உனக்குப் பிள்ளை மேல பாசமே இல்ல" என்று ஒருவரை ஒருவர் குத்திக்கொள்ளாமல் இருக்க, மார்த்தாளையும் மரியாளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகைகளும் நினைவு நாளும்

முதல் கிறிஸ்துமஸ் பெரும்பாலும் அடக்க நாளைவிடக் கடினமானது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலிலும் வேளாங்கண்ணியிலும் உறவுகளை இழந்த வீடுகளுக்குக் கிறிஸ்துமஸின் மறுநாளே நினைவு நாள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு உயிர்த்த ஞாயிறே நினைவு நாள். அப்படி இல்லாத வீட்டிலும் காலியான அந்த இடம் பண்டிகை அன்று நன்றாகவே தெரியும். கேரல் பாடப் போகும் குழு அந்த வீட்டைத் தாண்டிப் போகாமல், முன்கூட்டிக் கேட்டு, அமைதியான ஒரு பாட்டைப் பாடி ஜெபித்துவிட்டு வரலாம். கேக் கொண்டுபோய்க் கொடுங்கள். துக்க வருடம் என்று பலகாரம் செய்யாத வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று தனியாகப் போகத் தயங்குகிறவரோடு கூடப் போங்கள். இறந்த நாளையும் திருமண நாளையும் உங்கள் போன் காலண்டரில் குறித்துவையுங்கள். ஆண்டு திரும்பியதும், "இன்னைக்கு அண்ணனை நெனச்சுக்கிட்டேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். இரண்டாம் ஆண்டும் அனுப்புங்கள். அதற்குள் மற்ற எல்லாரும் மறந்திருப்பார்கள்.

மருத்துவ உதவி வேண்டிய நேரம்

பெரும்பாலான துக்கத்துக்கு மருந்து தேவையில்லை. கூட இருக்கும் மனிதர்கள் போதும். ஆனால் மாதக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, வேலை எதுவும் நடக்கவில்லை என்றால், குடி கூடினால், "நானும் போயிடணும்" என்ற பேச்சு வந்தால், ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிவைக்கும் கடும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் போவது விசுவாசக் குறைவு இல்லை, லூக்காவே வைத்தியர்தான். இந்தியாவில் டெலி மானஸ் இலவச எண் 14416ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அந்த இரவு அவரைத் தனியே விடாதீர்கள்.

கடைசியாக சபைகளுக்கு ஒன்று. துக்கத்தைக் கடந்து வருகிறவரை உடனே மேடை ஏற்றி சாட்சி சொல்ல வைப்பதும், அடுத்த துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்ல அனுப்புவதும் பழக்கமாகிவிட்டது. 2 கொரிந்தியர் 1:4 அப்படிச் சொல்கிறதே என்பார்கள். தேவன் தந்த ஆறுதலால் மற்றவர்களை ஆற்றலாம் என்பது உண்மைதான், ஆனால் முதலில் அந்த ஆறுதல் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டாவது அவரிடம் எதையும் கேட்காதீர்கள். அவராக ஒருநாள், "அந்த வீட்டுக்கு நானும் வரேன்" என்று சொல்வார். அப்போது கூட்டிக்கொண்டு போங்கள்.